கனகக்கா வீட்டுக்கு வழி சொல்லமாட்டேன்

சாவுச் செய்தி மற்றவர்களுக்கு அழுகையாக வரும். எனக்கு ஓடராக வரும். நான் பந்தலும் கதிரையும் வாடகைக்கு விடுகிறவன். வவுனியாவிலிருந்து முல்லைத்தீவு வரைக்கும் யார் கண்ணை மூடினாலும் யமனுக்கு அடுத்ததாகத் தகவல் கிடைப்பது எனக்குத்தான். சில வேளை எனக்கே முதலில் கிடைத்து, யமன் என்னிடம் வழி கேட்டுப் போயிருக்கிறார்.

அன்று காலை, பெரியபிள்ளையான ஒரு சிறுமியின் சாமத்தியவீட்டுப் பந்தலுக்குச் சிவப்பும் மஞ்சளுமாகத் துணி கட்டிக்கொண்டு ஏணியின் உச்சியில் நின்றேன். கனகக்கா வீட்டில் இருக்கும் சுகந்தி சைக்கிளில் வந்து இறங்கினாள்.

"மாமா, கதிரை வேணும்."

"எத்தினை, பிள்ளை?"

"எத்தினை இருக்குதோ அத்தினையும்."

"ஆருக்குக் கலியாணம்? எனக்குச் சொல்லாமல் கனகக்கா மாப்பிள்ளை பாத்திட்டாவோ?"

அவள் சிரிக்கவில்லை. சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு வந்து, நான் விழப்போகிறேன் என்று முன்கூட்டியே தெரிந்தவள்போல ஏணியின் அடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"வெள்ளைத் துணியும் வேணும் மாமா. அக்கா விடிய எழும்பேல்லை."

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. இறங்கியபோது கையில் இன்னும் சிவப்புத் துணி இருந்தது. சாமத்தியவீட்டுப் பந்தலைப் பாதியில் விட்டுவிட்டுப் போனவனை ஊர் ஏழு தலைமுறைக்கு ஏசும். ஏசட்டும் என்று போனேன்.

செத்தவர்களின் முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கும் இப்படியான நினைவு மலர்களுக்கு எழுதிக் கொடுப்பது என் உபதொழில். கதிரைக்குச் சொல்ல வருகிறவர்கள், "மணியண்ணை, அப்பிடியே நாலு வரியும் எழுதித் தாங்கோ" என்பார்கள். பக்கத்து வீட்டுக்கு ஒரு செத்தல் மிளகாய் கொடாதவர்களைக் கர்ணன் ஆக்கியிருக்கிறேன். நாயைக் கண்டு மரத்தில் ஏறினவரை யானை அடக்கியவர் ஆக்கியிருக்கிறேன். கனகேஸ்வரி அக்காவுக்கு அந்த வேலை செய்ய உட்கார்ந்தால் கை ஓடவில்லை. ஏற்றிச் சொல்ல ஓர் ஏணி வைக்கிறேன். அவர் ஏற்கெனவே அதற்கு மேலே நிற்கிறார்.

இந்த மலரில் அக்காவின் படம் உண்டு. அவர் நடத்திய வீட்டின் படம் இல்லை, விலாசம் இல்லை. நெளுக்குளப் பக்கம் இருந்தது என்பது மட்டும் ஊருக்குத் தெரியும். ஊருக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் நான் சொல்லப்போகும் கதை. அந்த வெட்கக்கேட்டுக்கு மணியம் என்று பெயர்.

அக்கா ஆஸ்பத்திரி வாட்டில் பணிப்பெண்ணாக இருந்து ஓய்வு பெற்றவர். அடிபட்டு வரும் பெண்களுக்கு மருந்து கட்டி, காயம் ஆறியதும் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புவதை ஆண்டுக்கணக்காகப் பார்த்தவர். ஒரு தடவை, துண்டு வெட்டி அனுப்பப்பட்ட ஒரு பெண் ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும் மர வாங்கிலில் மூன்று நாளாக உட்கார்ந்திருந்தாளாம். போகிறவர் வருகிறவர் எல்லாரும், "வீட்டை போ பிள்ளை" என்று புத்தி சொல்லியிருக்கிறார்கள். அக்கா மட்டும் பக்கத்தில் இருந்து, "ஏன் போகேல்லை?" என்று கேட்டிருக்கிறார். அவள் சொன்ன பதிலை அக்கா எனக்கு ஒரே ஒரு முறைதான் சொன்னார். "போனாத் திரும்பவும் இஞ்சைதான் வருவன் அக்கா. ஆனா நடந்து வரமாட்டன்."

அந்தப் பின்னேரமே அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்தார். அதுவும் அவருடைய சொந்த வீடு அல்ல. வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனது. நாலு அறை, ஒரு கிணறு, குசினிக்குப் பின்னால் கத்தரிப் பாத்தி, அதற்கப்பால் வயல். ஒருத்தி மூவரானாள், மூவர் ஒன்பதானார்கள். புருசன் அடித்துத் துரத்தியவள், புருசன் செத்ததும் மாமியார் வெளியே போகச் சொன்னவள், மலையகத் தோட்டக்காட்டில் இருந்து இடம்பெயர்ந்து வந்த தாய் தகப்பனுக்குக் காணிப் பத்திரமே கிடைக்காமல் வாடகைக் கொட்டிலில் இருந்து தூக்கி வீசப்பட்டவள், எல்லாரும் அங்கே இருந்தார்கள். அயலில் நான்கு நல்ல மனிதர்கள் சொன்னார்கள், "பாவம், இந்தப் பொம்பிளையளுக்கு ஏதும் செய்யோணும்" என்று. அக்கா சொன்னார், "பாவம் பாக்கிறதை விட்டிட்டுப் பாயைப் போடுங்கோ." நான்கு பேரும் அந்தப் பக்கம் பிறகு வரவில்லை. நான் மட்டும் வந்தேன். பழைய கதிரை பத்துக் கொடுத்து, நிர்வாக சபை உறுப்பினர் என்ற மகா பதவியையும் பெற்றுக்கொண்டேன்.

வருகிற பெண்ணிடம் அக்கா பெயர் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை, நடந்தது என்ன என்று கேட்பதே இல்லை. "கதவோரம் படுக்கப்போறியோ, சுவரோரமோ?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. எனக்கு அது விசர்க் கேள்வியாகப் பட்டது. ஒருநாள் கேட்டேன். "ஓடவேண்டி வரும் எண்டு பயந்தவள் கதவோரம் கேப்பாள். ஆரும் வந்திடுவினம் எண்டு பயந்தவள் சுவரோரம் கேப்பாள். ஒண்டும் சொல்லாமல் நிக்கிறவள்தான் கனகாலம் தன்னிட்டை ஒருதரும் ஒண்டும் கேக்காதவள்," என்றார். வாசல் படலையின் பூட்டைத் திறக்கும் திறப்பு உள்ளே, எல்லாருக்கும் கையெட்டும் உயரத்தில் ஓர் ஆணியில் தொங்கும். உள்ளே வருவதற்குத்தான் அக்காவைக் கேட்கவேண்டும். வெளியே போக யாரையும் கேட்கத் தேவையில்லை. இலண்டனில் இருக்கும் மகள் வருடா வருடம் கூப்பிட்டும் அக்கா போகவில்லை. "இந்த வீட்டிலை பூட்டுப்பட்டது நான் ஒருத்திதான் மணியத்தார்," என்று சொல்லிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். அது பகிடி இல்லை என்பது அப்போதும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

இனி என் வீரப்பிரதாபம்.

கனடாவில் இருக்கும் ஓர் அன்பர் தகப்பனாரின் திவசத்தை முன்னிட்டு அந்த வீட்டுக்குப் படுக்கை விரிப்புகள் அனுப்பினார். எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கிணறு கட்டினால் கிணற்றில் பெயர், கக்கூசு கட்டினால் கக்கூசில் பெயர். கொடுத்ததற்கு அத்தாட்சியாகப் படம் வேண்டும். படத்துக்குப் பின்னால் பதாகை வேண்டும். பதாகையில் கொடுத்தவர், செத்தவர், இடம் மூன்றும் வேண்டும். அக்கா ஒரே பேச்சில் முடித்தார்.

"படம் எடுக்கிறதெண்டா விரிப்பைத் திருப்பிக் கொண்டு போம்."

நான் திருப்பிக் கொண்டு போகிற ஆளா? பெண்கள் ஒருவரும் படத்தில் வராவிட்டால் சரிதானே என்று என் மூளையாகிய மகா சமுத்திரம் ஒரு யோசனையைக் கரையில் ஒதுக்கியது. அக்கா கிளினிக்குக்குப் போன ஒரு காலையில் பதாகையைப் படலையில் கட்டினேன். விரிப்புகளை மார்போடு அணைத்துக்கொண்டு, இலங்கையை வென்று திரும்பிய சக்கரவர்த்திபோல நின்றேன். தெருவால் போன ஒருவர் படம் எடுத்துத் தந்தார். பதாகையின் வாசகம் நான் இயற்றியது: வாடிய மகளிரின் வாடா விளக்கு. அதன் கீழே நெளுக்குளம் என்ற சொல் என் தலையைவிடப் பெரிதாக நின்றது. அனுப்பிவைத்தேன். அன்பர் முகநூலில் போட்டார். பாராட்டு மழையில் எனக்குத் தடிமன் பிடித்தது.

படத்தில் நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். என் இடது தோளுக்குப் பின்னால், படலைக்குள்ளே, கொடியில் ஒரு சின்னச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. பச்சைச் சட்டை, மஞ்சள் பொக்கற். சுகந்தியின் நாலு வயது மகளுடையது. அதைத் தைத்தவர் சுகந்தியின் மாமியார். விசுவமடுவில் அவர் கைத்தொலைபேசியில் தன் தையலை அடையாளம் கண்டார்.

சுகந்தி என்பது அவளுடைய உண்மைப் பெயர் இல்லை. இதை எழுத அனுமதி தந்தபோது அவளே தெரிந்தெடுத்த பெயர் அது. "சின்னனிலையிருந்தே இந்தப் பேரிலை எனக்கு ஆசை மாமா," என்றாள்.

ஐந்தாம் நாள் அவளுடைய புருசன் மோட்டார் சைக்கிளில் வந்து, தெருவுக்கு எதிர்ப்பக்கம் வேப்பமரத்தின் கீழ் நிறுத்தினார். கத்தவில்லை, கல்லெறியவில்லை. "என்ரை மனுசியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போக வந்தனான்," என்று ஒருதரம் சொல்லிவிட்டு இருந்துவிட்டார். விடிந்தால் வருவார், பொழுது பட்டால் போவார். பொலிஸ் வந்து சொன்னால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதே நிழலுக்குத் திரும்புவார். தெரு எல்லாருக்கும் பொது என்ற சட்டம் அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

உள்ளே ஒன்பது பெண்களும் அடைபட்டார்கள். ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறவள் வேலைக்குப் போகவில்லை. தன்னுடைய ஆள் இன்னொரு மரத்தடியில் இருப்பாரோ என்று அவளுக்குப் பயம். பிள்ளைகள் முற்றத்துக்கு இறங்கவில்லை. ஈரத்துணி அறைக்குள்ளே காய்ந்து வீடு முழுக்கப் புழுங்கல் மணத்தது. கதவோரம் படுத்த சுகந்தி பாயைச் சுருட்டிக்கொண்டு சுவரோரம் போனாள். ஆணியில் திறப்பு தொங்கியது. ஒருவரும் அதைத் தொடவில்லை.

அக்கா என்னைக் கூப்பிட்டார். ஏசுவார் என்று போனேன். ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"புதன்கிழமை கோட்டிலை சுகந்தியின்ரை மனு. அவள் நேரிலை போய் நீதவானுக்கு முன்னாலை சொல்லவேணும். அப்பதான் அந்தாள் கிட்ட வரப்படாதெண்டு கட்டளை கிடைக்கும். போகாட்டி இந்த வீடே அவளுக்கு மறியற்கூடம். அவளை வெளியாலை கொண்டு போறது என்ரை பாடு. அந்தாளைப் பாக்கிறது உம்மடை பாடு."

"நான் என்னக்கா செய்யிறது? எனக்கு அடிபிடி பழக்கமில்லை."

"ஆர் உம்மை அடிக்கச் சொன்னது? ரெண்டு கதிரையைக் கொண்டு போய்ப் போட்டுக் கதையும். கதைக்கத் தெரியாதெண்டு மட்டும் எனக்குச் சொல்லாதையும்."

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளோடு வேப்பமரத்தடிக்குப் போனேன். முதல் இரண்டு நாளும் நான் கதைக்கவில்லை, அவர்தான் கதைத்தார். சொல்லவேண்டும், நன்றாகக் கதைத்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். தான் குடிக்கும் சோடாவில் எனக்கும் தந்தார். பேயை எதிர்பார்த்துப் போனவனுக்கு எதிரே ஒரு மருமகன் இருந்தார்.

"அண்ணை, அவளுக்கு நான் என்ன குறை விட்டனான்? சோறு குறையோ, உடுப்புக் குறையோ? கடை வழிய அலையப்படாதெண்டு எல்லாம் நானே வாங்கிக் குடுத்தனான். போன் இருந்தாக் கண்டவனும் எடுப்பான் எண்டு அதையும் நானே வாங்கி வைச்சனான். வேலைக்குப் போகேக்கை வீட்டை வெளியாலை பூட்டிப்போட்டுத்தான் போவன். ஒரு குருவி கிட்ட வராது. அவ்வளவு பத்திரமா வைச்சிருந்தனான் அண்ணை."

நான் தலையாட்டினேன். அவர் அழுதார். கண்ணைத் துடைக்க என் லேஞ்சியை எடுத்துக் கொடுத்தேன். ஆண்பிள்ளை அழுதால் அந்தக் காலத்து நாட்டாண்மை ஒருவன் எனக்குள்ளே எழுந்து வேட்டியைச் சரிசெய்வான். செவ்வாய்க்கிழமை நேரே குசினிக்குள் போனேன். அக்கா தேங்காய் திருவிக்கொண்டிருந்தார், சுகந்தி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, குடும்பம் எண்டா முன்னைப் பின்னை இருக்கும். அந்தாள் அழுகுது. நாலு பெரியாக்களை வைச்சு ஒருக்கா இருத்திக் கதைச்சாலென்ன?"

"என்ன சொன்னவர்?" என்று கேட்டார் அக்கா. நான் சொன்னேன். நான் சொல்லும்போது எதுவும் குறைந்து போகாது என்பது உங்களுக்குத் தெரியும். அவருடைய அழுகையை நான் இன்னும் நன்றாக அழுதேன். வெளியாலை பூட்டின இடம் வந்தது. அதையும் அவர் சொன்ன அதே உருக்கத்தோடு சொன்னேன்.

சுகந்தி கீரையைக் கீழே வைத்தாள்.

"பிள்ளைக்கு ஒருநாள் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது மாமா. கதவைத் தட்டித் தட்டிக் கத்தினன். பக்கத்து வீடு வயலுக்கு அங்கால. யன்னல் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு பின்னேரம் மட்டும் நிண்டனான். அவர் வந்து பூட்டைத் துறந்துபோட்டு, ஏன் யன்னலடியிலை நிண்டனி, ஆரைப் பாத்தனி எண்டு கேட்டுத்தான் அடிச்சவர். பிள்ளை பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனது." கீரையை மறுபடி எடுத்தாள். பிறகு சொன்னாள், "பத்திரமாத்தான் இருந்தனாங்கள்."

அக்கா என்னைப் பார்த்தார்.

"வெளியாலை பூட்டினது எண்டு அந்தாள் சொல்லேக்கை நீர் தலையாட்டினீரோ?"

"ஓம் அக்கா."

அக்கா மறுபடி தேங்காயைத் திருவினார். என் வாழ்நாளில் எத்தனையோ மேடைகளில் மாலை வாங்கியிருக்கிறேன். அந்த ஓம் ஒன்றுதான் நான் முழுக்க உண்மையாகப் பேசிய பேச்சு.

புதன்கிழமை காலை நான் வேப்பமரத்தடியில் வாயைத் திறந்தேன். குசினிக் கதவால் அக்கா முன்னே, சுகந்தி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னே, இன்னும் இரண்டு பெண்கள் துணையாக, கத்தரிப் பாத்தி தாண்டி வயல் வரம்பில் இறங்கினார்கள். வரம்பு முடிகிற இடத்தில் ஓட்டோ நின்றது. மிச்சப் பெண்கள் வீட்டுக்குள் இருந்து சட்டி பானையை உருட்டி, ஒன்பது பேரும் இருக்கிற சத்தம் போட்டார்கள்.

உடையார்கட்டில் நான் போட்ட கலியாணப் பந்தலுக்குள் யானை வந்த கதையைச் சொன்னேன். வாசலில் கட்டிய வாழைமரம் இரண்டையும் தின்றுவிட்டு, மணவறைக்கு முன்னால் நின்று, மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்து, பிடிக்கவில்லை என்று தலையை ஆட்டிவிட்டுப் போன யானை. சோளகக் காற்றில் என் பந்தல் அப்படியே எழும்பி, ஐயரும் அக்கினியும் உள்ளே இருக்க, மாங்குளம் சந்தியில் இறங்கி, அங்கேயே தாலி கட்டிய கதையைச் சொன்னேன். அவர் சிரித்தார். நீதிமன்றம் போய்ச்சேர எவ்வளவு நேரம், கூப்பிட எவ்வளவு நேரம் என்று எனக்குள் கணக்கு ஓடியது. யானைக்கு ஒரு குட்டி சேர்த்தேன். வெயில் ஏறியது. எழும்பவும் ஏலாது, வாயை மூடவும் ஏலாது. அந்தக் கதிரை என்னைக் கவ்விப் பிடித்திருந்தது.

மதியத்தை அண்டி அவர் எழும்பினார். "தாகமாக் கிடக்கு அண்ணை. படலையிலை ஒருக்காக் கூப்பிட்டுத் தண்ணி கேப்பம். பிள்ளையையும் ஒருக்காப் பாக்கலாம்."

பிள்ளை உள்ளே இல்லை. யானை, காற்று எல்லாம் தீர்ந்துபோயிருந்தன. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையால் சரிந்தேன்.

அவர் ஓடிவந்து என் தலையைத் தன் மடியில் வைத்தார். சேர்ட்டின் மேல் பொத்தானைக் கழற்றினார். "அண்ணை, அண்ணை, கண்ணைத் துறவுங்கோ" என்று நெற்றியைத் தடவி, தொப்பியால் விசுக்கினார். கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். மெதுவான கை. நம்புங்கள், தாயின் கைபோல மெதுவான கை. எனக்கு இன்றைக்கும் பயம் தருவது அந்த மெதுமைதான். அடுத்த வீட்டில் இருந்திருந்தாலும் நான் ஒன்றும் கண்டுபிடித்திருக்கமாட்டேன்.

தண்ணீர் தெளிக்க அவர் ஆள் தேடுவதும், நான் அவர் கையை இறுக்கிப் பிடித்து முனகுவதுமாக நேரம் போனது. பொலிஸ் ஜீப் வந்து நின்றபோதுதான் ஒரு கண்ணைத் திறந்தேன். நீதிமன்றக் கட்டளையை வாசித்து அவர் கையில் கொடுத்தார்கள். அவர் அதை மடித்து சேர்ட் பையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணைக்கு முதலே தெரியுமோ?"

"ஓம் தம்பி."

"நெஞ்சுவலி?"

"அது இப்பதான் வருகுது."

மோட்டார் சைக்கிள் போய் மறைந்தது. வேப்பமரத்தின் கீழே பிறகு ஒருவரும் வரவில்லை. அக்கா திரும்பி வந்து, "கதிரையை எடுத்துக்கொண்டு போம். நாளைக்கு ஆரும் கேப்பினம்," என்றார். அதுதான் அவர் எனக்குத் தந்த மன்னிப்பு. மாலை மரியாதை இல்லாத மன்னிப்பு.

இதோடு கதை முடிந்தால் நான் கொஞ்சம் பெரிய மனிதனாக இந்த மலரில் இருந்து இறங்கியிருப்பேன். முடியவில்லை.

மரத்தடி வெறுமையானது, ஆனால் சுகந்திக்கு நிரந்தரமான போக்கிடம் கிடைக்கவில்லை. விசுவமடுக் காணிப் பத்திரம் புருசன் பெயரில்; அவர் அந்த வீட்டில்தான் இருக்கிறார். "அடிச்சவன் வீட்டிலை படுக்கிறான், அடி வாங்கினவள் பாயைக் காவிக்கொண்டு திரியிறாள். இதுக்கு நாங்கள் வைச்சிருக்கிற பேர் மானம்," என்று அக்கா சொல்வார். வீட்டுத்திட்டத்துக்கு எழுதிப்போடக் காணி வேண்டும். காணிக்கு எழுதிப்போட நிரந்தர விலாசம் வேண்டும். விலாசத்துக்கு வீடு வேண்டும். மாடு செக்கைச் சுற்றுவதுபோல அக்காவும் சுகந்தியும் அரச கந்தோர் கந்தோராகச் சுற்றினார்கள். வாடகைக்கு அறை தேடிப் போனார்கள். வவுனியாவில் கூரை உள்ள எல்லா வீட்டையும் தட்டியிருப்பார்கள். சுகந்திக்குத் தொழிற்சாலையில் வேலை இருந்தது, வாடகை கொடுக்க வழியும் இருந்தது. எல்லா வீட்டிலும் ஒரே கேள்விதான். "மனுசன் எங்கை?"

கடைசியாக அக்கா என்னிடம் வந்தார். அப்போதே அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது.

"மணியத்தார், உம்மடை பின்னறை சும்மா தானே கிடக்கு?"

"கதிரை அடுக்கியிருக்கு அக்கா."

"கதிரை வெளியிலை படுத்தாச் சனம் ஒண்டும் சொல்லாது."

நான் சுவரைப் பார்த்தேன். சுவரில் ஒரு பல்லிகூட எனக்காக வாதாட வரவில்லை. "சரசுவுக்குச் சரிவராது அக்கா. அவவுக்கு இதெல்லாம் பிடியாது," என்றேன்.

சரசு என் மனைவி. அவளிடம் நான் கேட்கவே இல்லை. கதிரைக்காரன் வீட்டில் புருசனைவிட்ட பெண் ஒருத்தி என்று யாராவது சந்தியில் நின்று கதைப்பார்கள் என்ற பயம் எனக்குத்தான். மரத்தடியில் மூன்று நாள் இருந்தும் என்னைவிட்டுப் போகாத பயம். பொய்யில் நான் மன்னன்; யானைக்குக் குட்டி சேர்த்தவன். ஆனால் அந்தச் சின்னப் பொய்யை அக்கா கண்டுகொண்டாரா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "சரி," என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்பிப் போனார். அதற்குப் பிறகு ஒருமாதம் உயிரோடு இருந்தார். அந்த அறையைப் பற்றி ஒரு சொல் எடுக்கவில்லை. திருத்திச் சொல்ல எனக்கு முப்பது காலை இருந்தது. முப்பதையும் நான் கதைத்தே கழித்தேன்.

செத்தவீட்டில் என்னுடைய கதிரைகளில் என் கண்முன்னே பெண்கள் வந்து இருந்தார்கள். எங்கெங்கிருந்தோ வந்தார்கள், பலர் பெயர் சொல்லவில்லை. வீட்டுச் சொந்தக்காரரின் மகன் வெளிநாட்டில் இருந்து அன்றே செய்தி அனுப்பியிருந்தார்: ஆழ்ந்த அனுதாபம், மாத முடிவில் வீடு வேண்டும். உள்ளே அப்போது ஏழு பேர். யார் யாரை எங்கே அனுப்புவது என்று குசினியில் கதை நடந்தபோது சரசு சுகந்தியைக் கேட்டிருக்கிறாள், "நீ ஏன் பிள்ளை இன்னும் ஓர் அறை எடுக்கேல்லை?"

"மாமாவிட்டை அக்கா கேட்டவா மாமி. உங்களுக்குப் பிடியாதெண்டு மாமா சொன்னவராம்."

சரசு முற்றத்துக்கு வந்தாள். நான் சவப்பெட்டிக்குப் பக்கத்தில், ஊர்ப் பெரியவர்களுக்கு நடுவே, கைகட்டி நின்றேன்.

"என்னைச் சாட்டினீங்களோ?" என்று கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள். பறைமேளம் நின்றதுபோல இருந்தது.

சாம்பல் அள்ளிக் காடாத்திவிட்டு வீடு திரும்பியபோது பின்னறை காலியாகக் கிடந்தது. செத்தவீட்டால் திரும்பி வந்து அடுக்கியிருந்த முந்நூறு கதிரைகளையும் அவள் தனியொருத்தியாக முற்றத்தில் இறக்கியிருந்தாள். நான் எத்தனையோ மிகைப்படுத்தியிருக்கிறேன். இந்த முந்நூறு மிகையில்லை, அவள் கையில் இருந்த கொப்புளமும் மிகையில்லை. அந்த அறையில் இப்போது யாராவது இருக்கிறார்களா என்று எழுதக்கூடாது என்பது சுகந்தியின் கட்டளை. எழுதவில்லை.

ஏழு பேரில் ஐந்து பேருக்கு இடம் ஆகிவிட்டது. இருவருக்கு இன்னும் இல்லை. மாத முடிவு நாலு நாளில் வருகிறது. இதை வாசிக்கும் உங்களில் கூரையும் மனமும் உள்ளவர்கள் யாராவது இருந்தால், அக்காவின் பெயரால் கேட்கிறேன், "மனுசன் எங்கை?" என்ற அந்தக் கேள்வியை மட்டும் கேட்காமல் கதவைத் திறவுங்கள்.

அக்காவின் கைத்தொலைபேசி சுகந்தியிடம் இருக்கிறது. வன்னியில் எத்தனை பெண்கள் அந்த இலக்கத்தைப் பிள்ளையின் கொப்பியின் கடைசித் தாளிலும் அரிசிப் பேணிக்கு அடியிலும் எழுதி வைத்திருக்கிறார்களோ தெரியாது. அக்கா செத்தது அவர்களுக்குத் தெரியாது. அது இன்னும் அடிக்கிறது. முதல் வாரம் ஒருநாள் சுகந்தி கிணற்றடியில் நின்றதால் நான் எடுத்து, "ஓம், மணியம் கதைக்கிறன்," என்றேன். மறுபக்கம் ஒரு மூச்சு நின்றது. பிறகு தொடர்பு அறுந்தது. அந்தப் பெண் திரும்ப எடுக்கவில்லை. யார், எந்த ஊர், கதவு எந்தப் பக்கம் பூட்டியிருந்தது, எதுவும் தெரியாது. ஒரு சொல்லும் கேட்காமலே அவளை நான் திருப்பி அனுப்பிவிட்டேன்.

இப்போது அது அடித்தால் சுகந்தி எடுக்கிறாள். இடமில்லை என்று சொல்ல அக்கா எங்கள் ஒருவரையும் பழக்கவில்லை. அந்தச் சுருக்கில்தான் எல்லாரும் மாட்டிக்கொண்டு நிற்கிறோம். நாளைக்கு வருகிறவளை எங்கே படுக்க வைப்பது என்று தெரியாமலே சுகந்தி, "ஓம் அக்கா, சொல்லுங்கோ, கேட்டுக்கொண்டிருக்கிறன்," என்கிறாள். கனகக்காவிடமிருந்து நான் வைத்திருப்பது திறப்போ படமோ அல்ல. சுகந்தி கதைக்கிற அந்த நேரத்தில் ஒன்றும் சொல்லாமல், அழைக்கிறவளின் ஊரோ பெயரோ காதில் விழுவதற்கு முன்னால், எழும்பி வெளியே போய்விடும் ஒரு பழக்கம். அறுபத்திரண்டு வயதில் கற்றுக்கொண்டது. இன்னும் சரியாக வரவில்லை. வாசல்வரைக்கும் போய், வாய் துடிக்க, வெயிலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.